செவிலியரின் நண்பர்கள்: கேள்வி பதில்

வார்டிலும் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் வேலை பார்ப்பவள் நான். நட்பைப் பற்றி எதையும் கேளுங்கள். மருத்துவ ரிப்போர்ட் அனுப்பாதீர்கள்.

கேள்வி: செவிலியரான தோழி பகலில் போனை எடுப்பதே இல்லை. ஒதுக்குகிறாளா?

பதில்: தூங்குகிறாள். இரவுப் பணி முடித்தவளுக்குக் காலை பத்து மணிதான் நடுநிசி. வெளிச்சம் பட்டால் உடம்பில் தூக்கத்துக்கு உதவும் மெலடோனின் என்ற ஹார்மோன் குறையும். பகல் தூக்கம் துண்டு துண்டாகத்தான் வரும். செய்தி அனுப்பிவிட்டுக் காத்திருங்கள். இரவுப் பணி முடிந்த மறுநாளை விடுமுறை என்று எண்ணி வீட்டுக் கதவைத் தட்டாதீர்கள்.

கேள்வி: கொலஸ்டிரால் ரிப்போர்ட்டைப் பார்த்துச் சொல்வீர்களா?

பதில்: மாட்டேன்.

கேள்வி: நானும் செவிலியர்தான். எங்கள் நண்பர் ஒருவர் என் வார்டில் சேர்ந்திருக்கிறார். மற்ற நண்பர்கள் என்னைத் துளைக்கிறார்கள். என்ன சொல்வது?

பதில்: எதுவும் சொல்லாதீர்கள். "இங்கேதான் இருக்கிறார்" என்பதே தகவல்தான். செவிலியர் பட்டம் பெறும்போது பலர் எடுக்கும், செவிலியர் பணியின் முன்னோடி ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் பெயரிலான உறுதிமொழியிலேயே இது இருக்கிறது: தொழில் வழியாகத் தெரியவரும் குடும்ப விவகாரங்களை வெளியே விடமாட்டேன் என்று. (அதை எழுதியவர் நைட்டிங்கேல் அல்லர். 1893இல் டெட்ராய்ட்டில் லிஸ்ட்ரா கிரெட்டர் தலைமையிலான குழு எழுதியது.) நோயாளியிடமே போய், "யாருக்கு, எவ்வளவு சொல்லட்டும்?" என்று கேளுங்கள். அவர் சொன்ன அளவோடு நிறுத்துங்கள். உங்கள் பொறுப்பில் இல்லாத நோயாளி என்றால் கேஸ் ஷீட்டைத் திறக்கவே திறக்காதீர்கள். கணினிப் பதிவாக இருந்தால் யார் திறந்தார்கள் என்பதும் பதிவாகும்.

கேள்வி: இது அநியாயம். அந்த நோயாளியுடன் பள்ளியிலிருந்து பழகிய நண்பர்கள் நாங்கள்.

பதில்: அப்படியானால் அவரே சொல்லியிருப்பாரே.

கேள்வி: பேசும் நிலையில் இல்லாவிட்டால்?

பதில்: குடும்பத்தாரைக் கேளுங்கள். மருத்துவர் அவர்களிடம் பேசுவார்.

கேள்வி: அப்படிப்பட்ட தோழியால் எங்களுக்கு என்ன பயன்?

பதில்: இதற்குத்தான் காத்திருந்தேன். நாளை நீங்கள் கருக்கலைப்புக்கோ மனநல சிகிச்சைக்கோ வந்து படுத்தால், அதே தோழி உங்களைப் பற்றியும் வாய் திறக்கமாட்டாள். பயன் அதுதான். தகவல் தரும் தோழிதான் வேண்டுமென்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

கேள்வி: நண்பர்கள் சின்னச் சின்னக் குறைகளைப் புலம்பும்போது எரிச்சல் வருகிறது. நான் கல்லாகிவிட்டேனா?

பதில்: காலையில் ஒரு மரணத்தைப் பார்த்துவிட்டு மாலையில் சம்பள உயர்வுப் புலம்பலைக் கேட்பது கடினம். ஆனால் துயரத்தை எடை போட ஆரம்பித்தால் நட்பு நிலைக்காது; அவர்களுடைய வலி அவர்களுக்குப் பெரிதுதான். "இன்று கேட்கத் தெம்பில்லை, நாளை பேசலாம்" என்று சொல்லிப் பழகுங்கள். வாரக்கணக்கில் நோயாளியிடம்கூட இரக்கம் எழவில்லை என்றால் அது பரிவுச் சோர்வாக, அதாவது பிறர் துயரைத் தொடர்ந்து தாங்கி இரக்கம் வற்றிப்போன நிலையாக, இருக்கலாம். மனநல ஆலோசகரைப் பாருங்கள்.

கேள்வி: நெஞ்சு வலிக்கிறது என்று நண்பர் செய்தி அனுப்பினால்?

பதில்: ஆம்புலன்சை அழைக்கச் சொல்லுங்கள். ரிப்போர்ட், மாத்திரை, தோல் தடிப்புப் படம் என்று இன்னும் வந்து குவிகின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: மருத்துவர்.

கேள்வி: என் விழா எதற்கும் செவிலியரான என் தோழி வந்ததில்லை.

பதில்: டியூட்டி பட்டியல் போட்டபின் பணி நாளை மாற்ற, இன்னொருவரிடம் கெஞ்சி, அவருடைய இரவுப் பணியை ஏற்க வேண்டும். அழைப்பிதழ் அச்சாகும் முன்பே அவளுக்குத் தேதியைச் சொல்லுங்கள்.