எல்லை வேலியில் முகங்கள்

கேள்வி: அமெரிக்கா நாடுகடத்தியதால் குடும்பத்தைப் பிரிந்தவர்களின் முகங்களை மெக்சிகோவின் தீஹுவானா கடற்கரையில், அமெரிக்க எல்லை வேலியில் வைத்தார்களாமே! இடைவெளி விட்ட கம்பங்களில் ஓவியம் எப்படி நிற்கும்?

பதில்: லிஸ்பெத் டெ லா குரூஸ் சந்தானா 2019-இல் முன்னின்று செய்த பணி அது. முகங்களை முதலில் பாலியெஸ்டர் துணியில் தீட்டி, பிறகே வேலிக்குக் கொண்டுபோனார்கள். முகத்தோடு இருந்த க்யூஆர் குறியீட்டுக்கு (கைப்பேசி படிக்கும் சிறு கட்டங்களாலான குறி) நேரே கைப்பேசியை நீட்டினால் அவரவர் கதையை அவரவர் குரலிலேயே கேட்க முடிந்தது. இந்த யோசனைதான் அபாரம்!

இத்தகைய வேலிக்குத் துணியைக் கம்ப அகலத்துக்குப் பட்டைகளாக வெட்டி, அக்ரிலிக் ஜெல் என்ற பசையால் ஒட்டுவது நல்லது. துருவையும் உப்பையும் முதலில் சுரண்டிக் கழுவாவிட்டால் ஓரம் உரியும். க்யூஆர் குறியீட்டை இடைவெளியில் பிளக்க விடாதீர்கள். அதைச் சுற்றிலும் அதன் சிறு கட்டங்கள் நான்கின் அகலம் வெறுமையாக இருக்கட்டும். இரண்டு மீட்டர் தள்ளி நின்று படிக்க, குறியீடு சுமார் 20 செ.மீ. வேண்டும்.