ஐ.டி.ஐ. கைவேலைகளை ஜூம் வகுப்பில் கற்பிக்க முடியுமா?

ஐ.டி.ஐ. என்னும் தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிட்டர் பிரிவில் பயிற்றுநராக இருக்கிறேன். 2020 மார்ச்சில் பொதுமுடக்கம் வந்தபின் பல மாதங்கள் ஜூமில்தான் வகுப்பு எடுத்தேன். அந்தப் பட்டறிவில் சொல்வதானால், கண்ணால் கற்பவற்றைத் தாராளமாகக் கற்பிக்கலாம், சிலவற்றை நேர் வகுப்பைவிட நன்றாகவே கற்பிக்கலாம். கை பழக வேண்டியவை மட்டும் திரைக்குள் அடங்குவதில்லை.

மில்லிமீட்டரின் சிறு பகுதிகளையும் அளக்கும் வெர்னியர் காலிப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். பணிமனையில் இருபது பேர் சூழ்ந்து நின்றால் முன்னால் நிற்கும் நான்கு பேருக்குத்தான் கோடுகள் தெரியும். மற்றவர்கள் அவர்கள் சொல்வதையே திருப்பிச் சொல்வார்கள். டயல் கேஜ் மாட்டும் காந்தத் தாங்கியில் கைபேசியைக் கட்டி, அளவுகோலுக்கு நேர் மேலே நிறுத்தியபோது ஒவ்வொரு கோடும் எல்லோருடைய திரையிலும் தீக்குச்சி பருமனில் தெரிந்தது. விடையை எனக்கு மட்டும் தெரியும்படி சாட்டில் அனுப்பச் சொன்னேன். முதன்மை அளவுகோலில் 32 மி.மீ., வெர்னியரில் 17ஆவது கோடு பொருந்துகிறது, மீச்சிற்றளவு (கருவியால் அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவு) 0.02 மி.மீ. என்பதால் விடை 32.34. ஏழு பேர் 32.17 என்று அனுப்பியிருந்தார்கள். கோட்டின் எண்ணை மீச்சிற்றளவால் பெருக்க வேண்டும் என்பதே அவர்களுக்குப் பிடிபடவில்லை என்பது, நேர் வகுப்பாக இருந்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

அராவுதல் வேறு வகை. அரம் உலோகத்தைக் கடிக்கிறதா, வழுக்குகிறதா என்பதைப் பெரும்பாலும் ஓசையை வைத்தே சொல்லிவிடுவோம். இந்த மென்பொருள்களோ பேச்சை மட்டும் விட்டுவிட்டு மற்ற ஓசைகளை இரைச்சலென்று வடிகட்டிவிடுகின்றன. இரண்டு வாரம் கழித்து ஒரு மாணவர், "சார், அரத்துல சத்தமே வராதுங்களா?" என்று கேட்ட பிறகுதான் அது எனக்கு உறைத்தது. மூல ஒலியை அப்படியே அனுப்பும் அமைப்பு ஜூமில் இருக்கிறது. அதை இயக்கியதும் ஓசை போய்ச் சேர்ந்தது. கேமராவையும் எதிரே வைக்காமல் என் தோளுக்குப் பின்னால் வைத்தேன். எதிரே வைத்தால் இடமும் வலமும் மாறித் தெரியும். (வெல்டிங் பற்றிக் கேட்காதீர்கள், ஆர்க் எரிந்ததும் சுற்றியுள்ளதெல்லாம் திரையில் இருட்டாகிவிடும்.)

இவ்வளவு செய்தும், அரத்தைத் தள்ளத் தள்ள அதன் முனையைப் பிடித்த கையின் அழுத்தம் குறைந்து கைப்பிடியைப் பிடித்த கையின் அழுத்தம் கூட வேண்டும் என்பதை எந்தக் கேமராவாலும் காட்ட முடியவில்லை. பணிமனை திறந்தபின் அவர்கள் அராவிய முதல் துண்டுகளில் டிரை ஸ்கொயரை (பரப்பு சமமாக இருக்கிறதா என்று பார்க்கும் மூலைமட்டத்தை) வைத்து வெளிச்சத்தில் பிடித்தேன். ஏறக்குறைய எல்லாவற்றிலும் நடுவில் மேடு, இரு ஓரங்களிலும் ஒளி கசிந்தது.

இப்போதும் பொறியியல் வரைபடத்தையும் பணிமனைக் கணக்கையும் தேர்வுக்கு முன் மாலை நேரங்களில் ஜூமில்தான் எடுக்கிறேன். அராவுதலுக்கு மாணவரை, துண்டை இறுக்கிப் பிடிக்கும் வைஸ் முன் நிறுத்தி, அவர் கையின்மேல் என் கையை வைத்துத்தான் தொடங்குகிறேன்.