சி மொழியில் ஆடியோ சாம்பிள்: கேள்வி பதில்

பென்னாகரம்: கூத்தில் பம்பை அடிப்பதைப் பதிவு செய்தேன் சார். ஃப்ளோட்டிலிருந்து (தசம எண்) 16 பிட் முழு எண்ணுக்கு மாற்றினால், ஓங்கி அடிக்கும் இடத்தில் மட்டும் படபடவென்று வெடிக்கிறது. மைக் கோளாறா?

மைக் பாவம், விட்டுவிடுங்கள். 16 பிட்டின் உச்சம் 32767. ஃப்ளோட்டில் முழு ஒலியளவு 1.0. அதைத் தாண்டிய சாம்பிளை (ஒரு கணத்து ஒலி அளவை) அப்படியே மாற்றினால், பல கணினிகளில் அது சுற்றிக்கொண்டு மைனஸ் பக்கம் அடிமட்டத்துக்குப் போய்விடும். எல்லை தாண்டிய ஃப்ளோட்டை இன்டீஜராக்கினால் என்ன கிடைக்கும் என்பதற்கு சி தரநிலையே பொறுப்பேற்பதில்லை. முதலில் கிளிப் (எல்லை தாண்டியதை எல்லையிலேயே நிறுத்துவது), அப்புறம் காஸ்ட் (எண் வகையை மாற்றுவது).

ஓசூர்: மாற்றும்போது ஃப்ளோட்டை 32767-ஆல் பெருக்குவதா, 32768-ஆலா?

32768. அது இரண்டின் 15-ஆம் அடுக்கு. அந்த எண்ணால் பெருக்கினாலும் வகுத்தாலும் ஃப்ளோட்டின் அடுக்கெண் மட்டும்தான் மாறும், ஒரு பிட்கூடத் தொலையாது. +1.0 மட்டும் ஒன்று கூடிப்போகும், அதை 32767-இல் கிளிப் செய்யுங்கள்.

பாலக்கோடு: ஒத்துக்கொள்ள மாட்டேன். 32767 வைத்தால் +1.0 கச்சிதமாக அடங்கும். கிளிப்பே வேண்டாமே!

1.0-ஐத் தாண்டாது என்று யார் எழுதிக் கொடுத்தார்கள்? இரண்டு டிராக்கைக் கூட்டினாலே தாண்டும்.

பாலக்கோடு: 16 பிட்டிலிருந்து ஃப்ளோட்டுக்குப் போக, திரும்பி வர இரண்டுக்கும் 32767 வைத்தால் எனக்கும் பழைய எண்தான் வருகிறது.

இரு முனையிலும் உங்கள் நிரலே இருந்தால் சரி. வேறொருவர் 32768-ஆல் வகுத்துக் கொடுத்ததை நீங்கள் 32767-ஆல் பெருக்கி அருகிலுள்ள முழு எண்ணாக்கினால், 16384-க்கு மேற்பட்ட எண்ணெல்லாம் ஒன்று குறையும். 32000 போட்டால் 31999.

ஓசூர்: பிளஸ்ஸுக்கு 32767, மைனஸுக்கு 32768 என்று சமாதானமாகப் போகலாமா?

இருப்பதிலேயே மோசம் அதுதான். அலையின் மேல்பாதிக்கு ஓர் அளவு, கீழ்பாதிக்கு ஓர் அளவு என்றால் மூலத்தில் இல்லாத ஒலி சேரும். மிகச் சன்னம்தான், ஆனாலும் தெரிந்தே ஏன் சேர்க்க வேண்டும்?

அரூர்: வெறும் காஸ்ட் போதாதா அண்ணா?

போதாது தம்பி. காஸ்ட் தசமத்தை வெட்டிவிடும், -1-க்கும் +1-க்கும் நடுவில் உள்ளதெல்லாம் பூஜ்யமாகும். மெல்லிய ஒலி கரகரக்கும். அருகிலுள்ள முழு எண்ணைத் தரும் எல்ரிண்ட்எஃப் (lrintf) போடுங்கள், கிளிப் செய்த பிறகு.

ஊத்தங்கரை: 8 பிட் வேவ் கோப்பு ஒரே இரைச்சல்.

அதில் மைனஸ் கிடையாது, 128-தான் நிசப்தம். 128-ஐக் கழித்து 128-ஆல் வகுங்கள்.

கிருஷ்ணகிரி: எந்த ஹெட்போன் வாங்கலாம்?

கடையில் மாட்டிக் கேட்டுப் பாருங்கள்.

தருமபுரி: எனக்கும் சத்தமான இடத்தில் வெடிக்கிறது சார், மைக்...

பென்னாகரத்துக்குச் சொன்னதைப் படியுங்கள். கிளிப்!

காவேரிப்பட்டணம்: 32 பிட்டுக்கு மாற்றுகிறேன். 2147483647-இல் கிளிப் செய்தும் வெடிக்கிறது.

இது கேள்வி! ஃப்ளோட்டுக்கு 24 பிட் துல்லியம்தான். நீங்கள் எழுதிய 2147483647 அதில் 2147483648 ஆகிவிடுகிறது. அந்த ஒன்று கிளிப்பில் சிக்காமல் நழுவுகிறது. கணக்கையும் கிளிப்பையும் ஃப்ளோட்டைவிடத் துல்லியமான டபுளில் முடித்துவிட்டு மாற்றுங்கள்.