மீந்த சமையல் பொருட்களை வீணாக்காமல் எப்படிப் பயன்படுத்துகிறீர்கள்?

கொடைக்கானலின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாரம் ஒருமுறை காய்கறி வாங்கும் வீடு எங்களுடையது. அதனால் வெள்ளி, சனிக்கிழமைகளில் பாதி முட்டைக்கோஸ், இரண்டு நூல்கோல், ஒரு பிடி பீன்ஸ், துருவி மீந்த தேங்காய் என்று பலவும் சிறிது சிறிதாகத் தங்கிவிடும்.

மீந்ததற்கு வழி சொல்பவர்கள் பெரும்பாலும் சமவெளியை மனத்தில் வைத்தே சொல்கிறார்கள் என்பதை இங்கே குடிவந்த பிறகுதான் உணர்ந்தேன். சோறு மீந்தால் வடகம் பிழியுங்கள், காய் மீந்தால் வற்றல் போடுங்கள் என்பவையெல்லாம் வெயிலை நம்பிய வழிகள். ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில், ஐப்பசி மழையும் மூடுபனியும் மாறி மாறி வரும் நாட்களில், நான் பிழிந்த வடகம் நான்கு நாளாகியும் காயாமல் பூஞ்சணம் பூத்தது. அந்தப் பகுதியை மட்டும் சுரண்டிவிட்டு மீதியை வைத்துக்கொள்ளலாமா என்று மாமியாரிடம் கேட்டபோது, அத்தனையையும் குழியில் கொட்டச் சொன்னார். அவர் சொன்னதே சரி. பூஞ்சணத்தின் இழைகள் கண்ணுக்குத் தெரியும் இடத்தைத் தாண்டி உள்ளே பரவியிருக்கும், சில பூஞ்சணங்களின் நச்சு சமைத்தாலும் அழியாது.

அன்றிலிருந்து, எதைச் சமைக்கலாம் என்று யோசிப்பதற்கு முன், மீந்த பொருள் எதனால் கெடும் என்று பார்க்கிறேன். தேங்காய்த் துருவல் ஈரத்தால் கெடும். ஆகவே அது நிறம் மாறும்வரை காத்திராமல், அன்றே வெறும் வாணலியில் சிவக்க வறுத்து, வறுத்த உளுந்தும் மிளகாயும் உப்பும் சேர்த்துப் பொடித்துவிடுகிறேன். வெயில் செய்ய வேண்டிய வேலையை இங்கே அடுப்புதான் செய்ய வேண்டும். 2019 ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற எங்கள் மலைப்பூண்டையும் இவ்வூர் மக்கள் புகைபடும்படி கட்டித் தொங்கவிட்டுத்தான் பல மாதங்கள் காக்கிறார்கள். அதில் உதிர்ந்து மிஞ்சும் சிறு பற்களைப் புளிக்கரைசலில் எண்ணெய் பிரியும்வரை வதக்கித் தொக்காக்கிக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம். பச்சைப் பூண்டை எண்ணெயில் போட்டு வெளியே வைப்பது மட்டும் ஆபத்து, காற்றில்லாத அந்த இடத்தில் கொடிய நச்சை உண்டாக்கும் கிருமி வளரக்கூடும்.

சோற்றைப் பற்றிச் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். குளிரான ஊர்தானே என்று வடித்த சோற்றை இரவு முழுவதும் மேடையிலேயே விட்டுவைப்பவர்கள் உண்டு. ஆனால் கிருமிகள் 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை பெருகக்கூடியவை. அடுப்பெரியும் சமையலறை அவற்றுக்குப் போதுமான வெதுவெதுப்பானது. சோற்றில் வளரும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி வெளியிடும் நச்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது. எனவே மீந்த சோற்றைத் தட்டில் பரப்பி ஆறவைத்து, ஒரு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மறுநாள் காலையிலேயே ரவையும் அரிசி மாவும் சேர்த்து அரைத்துத் தோசையாக ஊற்றிவிடுகிறேன். பருப்பை மீதம் விடாமல் அளந்து போடுவதே நல்லது, ஏனென்றால் இந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியளவிலேயே கொதித்துவிடுவதால், குக்கர் இல்லாமல் பருப்பை வேகவைக்க நேரமும் எரிபொருளும் கூடுதலாகச் செலவாகின்றன. மீந்த பருப்பைக் கொட்டும்போது அவையும் சேர்ந்தே வீணாகின்றன.

முள்ளங்கி, பீட்ரூட், நூல்கோல் ஆகியவற்றின் இலைகளைச் சந்தையிலேயே ஒடித்துப் போட்டுவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. பூண்டும் சீரகமும் தாளித்துப் பாசிப்பருப்புடன் வேகவைத்தால் அவை நல்ல கீரைக்கூட்டு ஆகும். காலிஃபிளவர்த் தண்டும் முட்டைக்கோஸின் நடுத்தண்டும் தோல் சீவப்பட்டால் குருமாவில் எளிதாக வெந்துவிடும்.

உருளைக்கிழங்கில் வெளிச்சம் பட்டுப் பச்சையேறியவற்றையும் கசப்பவற்றையும் சமைக்காமல் ஒதுக்குகிறேன். அவற்றில் உண்டாகும் நஞ்சும் வேகவைப்பதால் நீங்குவதில்லை. பச்சையேறாமல் முளைமட்டும் விட்டு வதங்கியவற்றை வீட்டுக்குப் பின்னால் உள்ள பாத்தியில் நட்டுவிடுகிறேன்.