கேளுங்க, சொல்றேன்: பழைய லேண்ட் குரூசரும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும்

(காரைக்குடியில் ஒர்க்‌ஷாப் நடத்தும் நம் மூத்த மெக்கானிக், வாசகர்களின் வண்டிக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: அண்ணே, எங்க அப்பச்சி ஆசையாக வைத்திருந்த 1994 லேண்ட் குரூசர் 80, 4.2 டீசல், ஆட்டோமேட்டிக். சில வருஷம் கொட்டகையிலேயே நின்றுவிட்டது. இப்போது நான் ஓட்டுகிறேன். காலையில் ‘டி’ (டிரைவ்) போட்டால் கொஞ்சம் தயங்கித்தான் நகர்கிறது. திருச்சி போய்த் திரும்பும்போது, கியர் மாறும் நேரத்தில் எஞ்சின் மட்டும் எகிறுகிறது, வண்டி இழுப்பதில்லை. “இதைக் கழற்றிப் போட்டுவிட்டு மேனுவல் வைத்துவிடு” என்கிறார் மெக்கானிக். கொல்லிமலைக்குக் குடும்பத்தோடு போகவேண்டும். என்ன செய்யட்டும்?
– வாசகர், கானாடுகாத்தான்

பதில்: தம்பி, மேனுவல் பேச்சை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அந்த நாலு கியர் பெட்டி நல்ல கனமான பெட்டி. ஆயிலும் சூடும் சரியாக இருந்தால் நெடுங்காலம் உழைக்கும். நீங்கள் சொல்லும் இரண்டு கோளாறுக்கும் பெட்டியைப் பிரிக்காமலே பார்க்கவேண்டியது நிறைய இருக்கிறது.

முதலில் ஆயில் குச்சி. வண்டியை ஓட்டிச் சூடாக்கி, சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, எஞ்சின் ஓடும்போதே பிரேக்கை மிதித்தபடி லீவரை ‘பி’யிலிருந்து (பார்க்) ‘எல்’ (லோ) வரை கொண்டுபோய்த் திரும்ப ‘பி’க்குக் கொண்டுவாருங்கள். அப்புறம் குச்சியை உருவுங்கள். எஞ்சினை அணைத்துவிட்டுப் பார்த்தால் அளவு கூடுதலாகக் காட்டும். அதை நம்பி ‘ஆயில் இருக்கிறது’ என்று விட்டுவிடுகிறார்கள். குச்சியைப் பனியன் வேஸ்டால் துடைக்காதீர்கள். அதன் நூல் உள்ளே போனால், ஆயிலைப் பிரித்து அனுப்பும் வால்வ் பாடியின் சின்னச் சின்ன வழிகளில் சிக்கும். வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். சிவப்பாகப் பரவினால் நிம்மதி. பழுப்பாகி, தீய்ந்த வாடை அடித்தால் கிளட்ச் பிளேட் தேய ஆரம்பித்துவிட்டது. பால் கலந்தாற்போல் ரோஸ் நிறத்தில் இருந்தால் வண்டியை அங்கேயே நிறுத்திவிடுங்கள்: ரேடியேட்டர் தண்ணீர் கியர் ஆயிலில் கலந்திருக்கிறது.

இந்தக் கடைசி விஷயத்தை நம் பக்கத்துக்காரர்களுக்கு அழுத்தியே சொல்லவேண்டும். கியர் ஆயிலைக் குளிரவைக்கும் கூலர் ரேடியேட்டரின் அடித்தொட்டிக்குள்ளேயே இருக்கிறது. நாமோ போர்த்தண்ணீரைப் பிடித்து ஊற்றிவிடுகிறோம். உப்பும் துருவும் உள்ளே அரித்து, ஒருநாள் தண்ணீரும் ஆயிலும் ஒன்றாகிவிடும். அரிமானத்தை ஆராயும் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வகம்) 1953 முதல் காரைக்குடியில் இருக்கிறது, அந்த ஊர் வண்டிகளில் இப்படித் துரு ஊறுவதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் மட்டும் ஊற்றுங்கள். உங்கள் வண்டி நின்று கிடந்த வண்டி, அதனால் ரேடியேட்டரையே புதிதாக மாற்றிவிடுவது நல்லது.

அடுத்து, பெட்டிக்கு அடியில் ஆயில் நிற்கும் தட்டான சம்ப்பைக் கழற்றச் சொல்லுங்கள், நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள். அடியில் காந்தம் ஒட்டியிருக்கும். அதில் விபூதி மாதிரி மெல்லிய சாம்பல் நிறப் பசை இருந்தால் அது வழக்கமான தேய்மானம். விரலில் குத்தும் இரும்புச் சில்லு வந்தால்தான் பெட்டியைப் பிரிக்கும் பேச்சு. ஃபில்டர், கேஸ்கெட் புதுசு போட்டு, டெக்ஸ்ரான் 3 வகை ஆயில் ஊற்றுங்கள். சம்ப்பில் வடிவது மொத்த ஆயிலில் பாதிகூட இல்லை, மிச்சம், எஞ்சின் சுழற்சியை ஆயில் மூலம் பெட்டிக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரில் நிற்கும். அதனால் கொஞ்சநாள் ஓட்டி, மறுபடி வடித்து, இன்னொரு தடவையும் மாற்றுங்கள். மெஷின் வைத்து அழுத்தத்தில் கழுவுவது பழைய பெட்டிக்கு வேண்டாம் என்பது என் கட்சி.

எஞ்சின் எகிறுவதற்கு இன்னொரு சந்தேகம்: ஆக்சிலரேட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் கேபிள். அது தொய்ந்திருந்தால் உள்ளே ஆயில் அழுத்தம் குறையும், பிளேட் வழுக்கும். சரிசெய்வது சின்ன வேலை. காலைத் தயக்கத்துக்கு ஆயில் குறைவோ, நின்றதில் இறுகிப்போன சீலோ காரணமாக இருக்கும். ஆயில் மாற்றிய பின்னும் தயங்கினால் சீலைப் பார்க்கவேண்டியதுதான்.

இதெல்லாம் முடிந்தபின்தான் மேம்பாடு. என்னைக் கேட்டால் முதல் செலவு வெளிக் கூலர். ரேடியேட்டருக்கு முன்னால் வைத்து, ஆயில் முதலில் ரேடியேட்டர் கூலருக்கும், பிறகு இதற்கும், அப்புறம் பெட்டிக்கும் போகும்படி பைப் போடுங்கள். கூடவே ஒரு டெம்பரேச்சர் மீட்டர். 80, 90 டிகிரியில் ஓடினால் நல்லது. 120ஐத் தாண்டினால் நிறுத்தி, ‘பி’யில் போட்டு எஞ்சினை ஓடவிடுங்கள். செம்மண் புழுதி கூலரின் சந்துகளில் அப்பிக்கொள்ளும், எஞ்சின் பக்கமிருந்து முன்பக்கமாக மெதுவாகத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். அழுத்தம் கூட்டும் வால்வ் பாடி கிட் நல்ல பெட்டியை இன்னும் நல்லதாக்கும், தேய்ந்த பிளேட்டுக்கு உயிர் கொடுக்காது.

கொல்லிமலையில் 70 ஊசி வளைவு. ஓவர்டிரைவை (நாலாவது கியர்) அணைத்து, ‘2’ல் ஏறுங்கள், ‘2’லேயே இறங்குங்கள். ‘டி’யில் விட்டால் கன்வெர்ட்டர் வழுக்கி வழுக்கியே ஆயில் கொதிக்கும். தார் ரோட்டில் லோ ரேஞ்ச் (வேகம் குறைத்து இழுவை கூட்டும் கியர்) போடாதீர்கள், முன் பின் சக்கரங்களைத் தனித்தனி வேகத்தில் சுற்றவிடும் சென்டர் டிஃபரன்ஷியல் லாக் ஆகி வளைவில் திருகும். மணலிலும் சேற்றிலும் மாறாகச் செய்யுங்கள்: தயங்காமல் லோ ரேஞ்ச், அதில்தான் பெட்டி சூடாகாது.

கேள்வி: மழைக்காலத்தில் கண்மாய்க் கால்வாயைத் தாண்டித்தான் எங்கள் தோப்புக்குப் போகவேண்டும். எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் கியர் ஆயிலில் தண்ணீர். எப்படி?
– வாசகர், கல்லல்

பதில்: பிரீதர் வழியாகத்தான். கியர்பாக்ஸ் மூச்சு விட ஒரு சின்னக் குழாய் உண்டு. சூடான பெட்டி குளிர்ந்த தண்ணீரில் இறங்கினதும் உள்ளே காற்று சுருங்கி, தண்ணீரை உறிஞ்சிவிடும். ஆயில் தாங்கும் ரப்பர் ஹோஸ் வாங்கி, பிரீதரை எஞ்சின் அறையில் ஃபயர்வால் (எஞ்சினுக்கும் நாம் உட்காரும் இடத்துக்கும் நடுவிலுள்ள தகடு) உயரத்துக்கு ஏற்றிக் கட்டுங்கள். முன் பின் ஆக்சிலுக்கும் இதே வேலை. இப்போது உள்ளே இருக்கும் ஆயிலை உடனே வடித்துவிடுங்கள், ஒருநாள்கூடத் தள்ளவேண்டாம். தண்ணீர் பட்டால் கிளட்ச் பிளேட்டின் ஒட்டு விட்டுப்போகும்.

கேள்வி: ஆட்டோமேட்டிக் ஜீப் வழியில் நின்றுவிட்டால் கயிறு கட்டி இழுக்கலாமா?
– வாசகி, தேவகோட்டை

பதில்: வேண்டாம் ஆச்சி. எஞ்சின் ஓடினால்தான் உள்ளே ஆயில் பம்ப் சுற்றும். அது நிற்கும்போது சக்கரம் மட்டும் உருண்டால் பெட்டி வறண்டு அரைபடும். நாலு சக்கரமும் மேலே ஏறும் லாரியைக் கூப்பிடுங்கள்.