வாசகர் கேட்டவை: பாலைவன மடுக்களில் குளிக்கலாமா?

கேள்வி: ஜூலை விடுமுறையில் நடு ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் கார் எடுத்து, மேற்கு மெக்டோனல் மலைத்தொடரில் கூடாரம் போட்டுத் தங்க நினைக்கிறோம். பிள்ளைகளுக்கு 8, 11 வயது. எல்லா மலையிடுக்குகளையும் ஒரே நாளில் பார்த்துவிடலாமா? மடுக்களில் குளிக்கலாமா?
- ஒரு வாசகி, அடிலெய்டு

பதில்: ஒரே நாளில் பார்க்கலாம், சாலை நல்ல தார்ச்சாலைதான். ஆனால் தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். காரை விட்டு இறங்கி, படம் எடுத்து, மறுபடி ஏறினால் பிள்ளைகளுக்கு எல்லாமே ஒரே சிவப்புப் பாறையாகத்தான் தெரியும்.

ஊரிலிருந்து சுமார் 135 கிலோமீட்டரில் இருக்கும் ஆர்மிஸ்டன் மலையிடுக்கில் குறைந்தது இரண்டு இரவு தங்குங்கள். இடத்தை இணையத்தில் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும், ஜூலையில் சீக்கிரம் நிரம்பிவிடும். கூடாரத்திலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் மடு. வருடத்துக்கு 300 மில்லிமீட்டர் மழைகூடப் பெய்யாத பூமியில் தண்ணீர் எப்படி நிற்கிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். அங்கேயே காட்டிச் சொல்லுங்கள். வெள்ளம் வரும்போது ஆறு முழுவதும் அந்தக் குறுகிய வாய்க்குள் நெருக்கியடித்துப் புகுந்து மணலைத் தோண்டி எடுத்துவிடுகிறது. ஆர்மிஸ்டன் மடுவின் தென்கோடி சுமார் 14 மீட்டர் ஆழம். இருபுறமும் செங்குத்துப் பாறை, வெயில் கொஞ்ச நேரம்தான் படும். அதனால்தான் சுற்றிலும் ஆறு வெறும் மணலாகக் கிடக்க, இங்கே மீன் நீந்துகிறது.

குளிப்பது பற்றி அழுத்திச் சொல்கிறேன். அங்கே ஜூலை குளிர்காலம், அந்தத் தண்ணீர் உடம்பை விறைக்க வைக்கும். எல்லரி கிரீக் மடு இன்னும் மோசம், கோடையிலேயே நடுங்கும். கரையோரம் கால் நனைக்கட்டும், நடுவே நீந்த விடாதீர்கள். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே குளிர் அடித்து மூச்சுத் திணறிய இடம் அது. சன்ஸ்கிரீன் பூசிய உடம்போடு இறங்கவும் வேண்டாம். அடுத்த வெள்ளம் வரும்வரை அந்தத் தண்ணீர் மாறாது, மீனும் பறவையும் வாலபி என்கிற சின்னக் கங்காருவும் அதை நம்பித்தான் இருக்கின்றன. சிம்ப்சன்ஸ் கேப் மலையிடுக்கில் குளிக்கவே அனுமதி இல்லை. அது அந்த மண்ணின் பூர்வகுடிகளான அரெண்டா மக்களின் புனிதத் தலங்களில் ஒன்று. ஆனால் அதிகாலையில் அங்கே போய்ப் பாறைச் சரிவில் அசையாமல் உட்காருங்கள். கருங்கால் பாறை வாலபிகள் கல்லோடு கல்லாக இருக்கும். ஒன்று தாவினால்தான் பக்கத்தில் இன்னும் மூன்று இருப்பது தெரியும்.

ஆர்மிஸ்டனில் பிள்ளைகளுக்கு கோஸ்ட் கம் நடைபாதை போதும். படியேறினால் கோஸ்ட் கம் என்கிற வெள்ளை மரம் ஒன்று பாறை விளிம்பில் நிற்கும், கீழே மடு முழுசாகத் தெரியும். மலை சூழ்ந்த பள்ளத்தாக்கு வழியாகப் போகும் பவுண்ட் நடை 8.5 கிலோமீட்டர், மூன்று நான்கு மணி நேரம் ஆகும். கடைசியில் தண்ணீரில் இறங்கிக் கடக்க வேண்டியிருக்கலாம் என்பதால் பூங்காக் காவலரிடம் கேட்டுவிட்டே கிளம்புங்கள். ஸ்டான்ட்லி பிளவுக்கு மட்டும் நண்பகலில் போங்கள், வெயில் தரைவரை இறங்குவது அப்போதுதான்.

அப்புறம், குளிர். பகலில் சட்டை போதும், இரவில் பூஜ்யத்துக்குக் கீழேயும் போகும். பிள்ளைகளுக்குக் கம்பளித் தொப்பியும், தரைக்குளிர் ஏறாத தடிமனான பாயும் அவசியம். தேசியப் பூங்காவுக்குள் விறகு பொறுக்கக் கூடாது, வெளியிலேயே வாங்கி ஏற்றிக்கொள்ளுங்கள். பெட்ரோலையும் குடிதண்ணீரையும் ஆலிஸிலேயே நிரப்பிவிடுங்கள்.