சத்தத்தை அணைத்தவருக்கு

அன்புள்ள அக்கா,

என் மகனுக்கு ஏழு வயது. எந்நேரமும் ஃபோனில் அரை நிமிடக் காணொளிகள்தான். நல்ல பழைய கார்ட்டூன்களை ரசிக்கப் பழக்கலாமே என்று ‘டாம் அண்ட் ஜெர்ரி’யில் ஆரம்பித்தேன். பாப்பா தூங்கும் நேரம் என்பதால் சத்தத்தை அணைத்துவிட்டுப் போடுகிறேன். அதில்தான் பெரிதாக வசனமே இல்லையே. ஆனாலும் பாதியில் எழுந்து போய்விடுகிறான். அந்த அடிதடி பிள்ளையைக் கெடுக்குமா? எந்தெந்தப் படங்களை எந்த வரிசையில் காட்டலாம்? ஒரு பட்டியல் தருவீர்களா?

ஒரு வாசகர், பொங்கோல்

அன்புள்ள தம்பி,

அடிதடியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், நாமெல்லாம் அதைப் பார்த்துத்தான் வளர்ந்தோம். பட்டியல் எங்கு தேடினாலும் கிடைக்கும். ஆனால் ‘சத்தத்தை அணைத்துவிட்டு’ என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நானே கொஞ்ச நாளாக அந்தப் படங்களைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சிரிக்க வேண்டாம். என் அம்மா அப்படித்தான் பார்த்தார்.

தோ பாயோ வீட்டில் நாங்கள் கூடத்தில் டிவி முன்னால் கிடப்போம். அம்மா அடுப்படியில் நெத்திலிச் சம்பால் வதக்கிக்கொண்டிருப்பார். அங்கிருந்து திரை தெரியாது. பியானோ தடதடவென்று கீழே இறங்கினால், “படியில உருண்டுட்டானா?” என்பார். வயலின் பதுங்கிப் பதுங்கி வந்தால், “வர்றான் பாரு, திருட்டுப்பய.” பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அவருக்கு ஆங்கிலமும் தெரியாது, மேற்கத்திய இசையும் தெரியாது. சில நாள் எங்களுக்கு முன்பே அங்கிருந்து சிரிப்புச் சத்தம் வந்துவிடும்.

அவரைச் சிரிக்க வைத்தவர் அந்தப் படங்களுக்கு இசையமைத்த ஸ்காட் பிராட்லி. படத்தை முடித்துக் கொடுத்தபின் பின்னணி இசை சேர்க்கிற வேலை இல்லை அது. நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனிப் படங்கள். 12 ஃபிரேமுக்கு ஒரு தாளத் தட்டு என்றால் நிமிடத்துக்கு 120 தட்டு. பூனை எந்தத் தட்டில் காலை ஊன்றுகிறது, எதில் வழுக்குகிறது என்று முதலிலேயே கணக்குப் போட்டுத்தான் வரைந்தார்கள். டாமின் அந்த அலறல் இருக்கிறதே, அது இயக்குநர்களில் ஒருவரான வில்லியம் ஹன்னாவின் சொந்தத் தொண்டை. அதையும் சேர்த்து அணைத்துவிட்டீர்கள்!

1947இல் வந்த ‘தி கேட் கான்செர்ட்டோ’வை எடுத்துக்கொள்ளுங்கள். டாம் கோட்டு மாட்டிக்கொண்டு, இசைமேதை லிஸ்ட்டின் ‘இரண்டாம் ஹங்கேரிய ராப்சடி’ என்ற பியானோ இசையை வாசிக்கிறான். பியானோவுக்குள் தூங்கிய ஜெர்ரி எரிச்சலில் கட்டைகளுக்கு நடுவே எலிப்பொறியை வைக்கிறான். டாமின் விரல்கள் அதற்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தொட்டுத் தொட்டுத் தப்பிக்கின்றன. எப்போது மாட்டும் என்று நம்மைத் தவிக்கவிடுவது அந்த இசைதான். அது இல்லாவிட்டால் ஒரு பூனை சும்மா ஒரு பெட்டியைத் தட்டிக்கொண்டிருக்கிறது. பையன் எழுந்து போகாமல் என்ன செய்வான்?

அப்புறம், பழையது எல்லாமே தங்கம் என்றும் நினைக்காதீர்கள். 1957இல், இந்தப் படங்களைத் தயாரித்த எம்ஜிஎம் நிறுவனம் தன் கார்ட்டூன் பிரிவை மூடியதும் ஹன்னாவும் இன்னொரு இயக்குநரான பார்பராவும் டிவிக்குப் போனார்கள். கையில் காசு குறைவு. அங்கே அவர்கள் உருவாக்கிய யோகி கரடிக்குக் காலரும் டையும் மாட்டியது அழகுக்காக இல்லை. உடம்பை அப்படியே வைத்துவிட்டுத் தலையை மட்டும் மாற்றி வரையலாம் என்றுதான். அந்த மாதிரிப் படங்களில் பேச்சுதான் அதிகம். அவை ஓடும்போது அம்மா ஊகிப்பதையே விட்டுவிட்டார்.

பட்டியலெல்லாம் வேண்டாம், ‘தி கேட் கான்செர்ட்டோ’ ஒன்றே போதும். எட்டு நிமிடம்கூட ஆகாது. பாப்பா விழித்திருக்கும்போதே போடுங்கள், அவளும் கேட்கட்டும். உங்கள் ஃபோனை உள்ளே வைத்துவிட்டு நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள்.

அன்புடன்,
அக்கா